இரு வீட்டுப் பெயர்

பெயருக்கு முன் நிற்கும் ஓர் எழுத்து எவ்வளவு சொல்லும், எவ்வளவு மறைக்கும் என்பதைச் சித்தூர்ச் சீமையில் குடிவழி தேடுவோர் நன்கறிவர். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை இடுவர். தெலுங்கரோ ‘இண்டி பேரு’ எனப்படும் வீட்டுப் பெயரின் எழுத்தை இடுவர். 1888இல் திருத்தணியில் பிறந்த பேரறிஞர் எஸ். இராதாகிருஷ்ணனின் ‘எஸ்’ தந்தையைக் குறிப்பதன்று. நெல்லூர்ப் பக்கத்துச் சர்வேபள்ளி என்னும் ஊரைக் குறிப்பது. தந்தையார் பெயர் வீராசாமி. அத்திருத்தணி பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இரு மொழியும் இரு வழக்கும் கலந்த இம்மண்ணில் முன்னோரைத் தேடுவோர் முதற்கண் இடறுவது அவ்வோர் எழுத்தில்தான்.

நம் நண்பர் ஒருவரும் அங்ஙனமே இடறினார். தந்தையாரின் பள்ளிச் சான்றிதழில் ஒரு வீட்டுப் பெயர் இருந்தது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றிலோ, வேறு வீட்டுப் பெயருடைய ஒருவர், ‘தமக்காகவும் தம் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும்’ கையொப்பமிட்டிருந்தார். அக்குமாரர்களுள் மூன்றாமவர் நண்பரின் தந்தையார்! சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே எழுபது கிலோமீட்டர் அளவே தொலைவு. 2022 வரை இரண்டும் ஒரே மாவட்டம். அச்சிறு தொலைவைக் கடந்து சென்ற ஒரு குழந்தையின் கதை அப்பத்திரத்துள் உறங்கியிருந்தது.

திருப்பதியில் வாழும் முதிய அத்தையார் ஒருவரே அதனை உரைத்தார். சித்தூரில் இருந்த மூத்தவளுக்குப் பிள்ளையில்லை. திருப்பதித் தங்கை தன் மூன்றாம் மகனை ஐந்து வயதில் அவளுக்குக் கொடுத்தாள். ஓமமில்லை, பத்திரமில்லை, ஒரு தாம்பூலத் தட்டோடு முடிந்தது. அன்று முதல் அப்பிள்ளை பெற்றவளைச் ‘சித்தி’ என்றே அழைத்தது. இத்தனையும் சொல்லிவிட்டு, “இதையெல்லாம் எழுதிவிடாதேடா கண்ணா” என்று அத்தையார் கையைப் பற்றிக்கொண்டார். அதுகாறும் ஒன்றுவிட்ட உறவென்று நண்பர் எண்ணியிருந்த அவர், தந்தையாரின் உடன்பிறந்த தங்கை.

எழுதுவது அறமா, எழுதாது விடுவது அறமா? இவ்வினாவோடுதான் நண்பர் நம்மிடம் வந்தார்.

மறைப்பெல்லாம் நாணத்தால் வந்தது என்று கொள்ளுதல் பிழை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் தத்த ஓமத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பிள்ளையைக் கையாரக் கொடுத்தலும் வாங்கலும் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்கிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் கையொப்பமிட்ட பதிவுப் பத்திரம் இருப்பின், மறுத்து மெய்ப்பிக்கப்படும் வரை நீதிமன்றம் அதனை ஏற்கும். வாய்ச்சொல்லால் வந்த பிள்ளைக்குச் சாட்சிகள் மாண்டபின் துணை யார்? பங்காளிகள் வழக்கிட்டால் பள்ளிப் பதிவேட்டின் வீட்டுப் பெயரே கேடயம். அதுவும் முற்றுறுதியான கேடயமன்று. இதனை அஞ்சியே பலர் வாய்மூடியிருந்தனர் போலும். ஆந்திர நாட்டு ரெட்டி, கம்மா முதலிய உழவர் குடிகளில் ‘இல்லரிகம்’ என வீட்டோடு மாப்பிள்ளை கொள்ளும் வழக்கம் உண்டு. அம்மருமகன் மாமனார் வீட்டில் மகனைப் போலப் பங்கு பெறுவான். பிறந்த வீட்டு உரிமையையும் இழப்பதில்லை. நீதிமன்றங்களும் அவ்வழக்கத்தை ஒப்புக்கொண்டன. இரு வீட்டுக்கும் உரியவனாக ஒருவன் இருத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

திருப்பதியில் நின்றுகொண்டு வளர்ப்பு உறவை மறைப்பதும் விந்தையே. தலபுராணப்படி, நாராயணவனத்து ஆகாசராசன் நிலத்தை உழுதபோது தாமரையில் கண்டெடுத்த குழந்தை பத்மாவதி. சீனிவாசனுக்குப் பெண் கேட்டுச் சென்ற வகுளாதேவியும் பெற்ற தாயல்லள், வளர்ப்புத் தாயே. முற்பிறப்பில் அவள் யசோதை என்பர். மணமகளும் வளர்ப்பு மகள், மணமகன் பக்கத்துத் தாயும் வளர்ப்புத் தாய்! அதனை ஊரறியப் பாடுகிறோம். நம் வீட்டுக் கதையை மட்டும் பெட்டியில் பூட்டுகிறோம்.

ஆயினும் புராணம் வேறு, உயிரோடிருக்கும் அத்தையாரின் நடுங்கும் கை வேறு. அவர் கேட்டது பொய்யன்று. வீட்டார் ஒருவருக்கொருவர் காத்த வாக்கு. மற்றொரு புறம், எழுதாதுவிட்டால் குடிவழிப் படத்தில் அத்தங்கைக்கு இரண்டு ஆண்மக்களே இருப்பர். மூவரைப் பெற்றவள் இருவரைப் பெற்றவளாக நிலைத்துவிடுவாள். மகனைக் கொடுத்தவளிடமிருந்து, கொடுத்தாள் என்னும் செய்தியையும் பறிப்பது தகுமா? வளர்த்தவளின் தாய்மை இதனால் ஒரு சிறிதும் குறைவதில்லை. ஆகவே, ‘இரு கோடும் வரைக, வீட்டுப் படியை வீட்டிலேயே வைக்க, அத்தையார் காலம் வரை அச்சிடற்க’ என்றோம். “அச்சிடும் படியில் தெரிந்தே ஒரு கோட்டை விட்டுவிடுவது பொய்யாகாதா?” என்று நண்பர் திருப்பிக் கேட்டார். நம்மிடம் நேரான விடையில்லை. அதனை ஒத்திவைப்பு என்றோம். அவர் முகம் தெளியவில்லை.

மறுமுறை சென்றபோது அத்தையார் தாமாகவே இன்னொன்று சொன்னாராம். மகாளய பட்சத்தில் நண்பரின் தந்தையார் ஆண்டுதோறும் கபில தீர்த்தத்துக்கு வருவார். காருண்ய பித்ருக்கள் வரிசையில் தாயின் தங்கைக்கும் இடமுண்டு. அவ்விடத்தில் பெற்றவளின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பார். மற்றப் பெயர்களை உரக்கச் சொல்பவர், அப்பெயர் வரும்போது மட்டும் புரோகிதர் இருமுறை கேட்க வேண்டியிருக்குமாம்.