அவிழ்த்துவிட்ட கயிறு



குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனவர்கள், அங்கே மட்டக்குதிரைகள் கூட்டமாய் மேய்வதைக் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் அவற்றைக் காட்டுக்குதிரைகள் என்பார்கள். ஆனால் அவை காட்டுச் சாதியல்ல. போர்த்துக்கேயரும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் தங்கள் தேவைக்கென வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள். பழைய லாயத்தின் கற்றூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. எசமான்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன.

மாரியில் அவற்றுக்குப் புல்லும் உண்டு, நீரும் உண்டு. கோடை வந்தால் குளங்கள் வற்றிவிடும். மனிதருக்கே நன்னீர் அரிதான தீவில் குதிரைக்கு யார் நீர் அள்ளி வார்ப்பது? தாகத்தால் விழுந்து மாண்டவையும் உண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் சட்டம் எல்லை போடும். தாகம் தீர்க்க ஒரு கை வேண்டும்.

இந்தக் குதிரைகளுக்குத் தூரத்து உறவினர் இருவர் உண்டு. தென்னாபிரிக்காவில் குவாகா என்றொரு விலங்கு இருந்தது. முன்பாதி வரிக்குதிரை போலவும், பின்பாதி வரியில்லாமல் மண்ணிறமாகவும் இருக்கும். குடியேறிய வெள்ளையர் இறைச்சிக்கும் தோலுக்குமாக அதைச் சுட்டுத் தள்ளினார்கள். 1883 ஆகஸ்ட் 12ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு குவாகா இறந்தது. அதுவே கடைசி என்பது அப்போது எவருக்கும் தெரியாது. இன்னொன்று வேண்டுமென்று கேட்டும் பார்த்தார்கள். அனுப்புவதற்கு உலகில் வேறொன்று இருக்கவில்லை.

மற்றது மொங்கோலியாவின் தாகி என்னும் காட்டுக்குதிரை. 1960களின் பின் அது வெளியிலே காணப்படவில்லை. மிருகக்காட்சிச் சாலைகளில் எஞ்சிய ஏறக்குறைய ஒரு டசின் குதிரைகளிலிருந்து அந்த இனத்தைப் பேணிப் பெருக்கி, 1992 முதல் மீண்டும் மொங்கோலியப் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். மனிதன் மனம்வைத்தால் அழிக்கவும் கூடும், காக்கவும் கூடும்.

வெள்ளத்தின் பின் இறைவன் உடன்படிக்கை செய்தது நோவேயோடு மட்டுமல்ல. பேழையிலிருந்து இறங்கிய சகல சீவராசிகளோடுமே. ஓய்வு நாளை மனிதனுக்குக் கொடுத்தவர், அவன் கால்நடைக்கும் அதைக் கொடுத்தார். நம்மால் அழிந்துபோகும் இனங்கள் இனி இறைவனுக்கு மகிமை செலுத்தப் போவதில்லை என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் வருந்தினார். குவாகாவின் குரல் படைப்பின் புகழ்ப்பாடலில் ஓய்ந்தே போயிற்று.

லூக்காஸ் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கூனியான பெண்ணை ஓய்வு நாளில் குணமாக்கிய ஆண்டவரைச் செபக்கூடத் தலைவன் குறைகூறுகிறான். ஆண்டவரோ, ஓய்வு நாளிலும் நீங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று கேட்கிறார். அவிழ்ப்பதில் இரண்டு வகை உண்டு, சகோதரரே. தண்ணீருக்குக் கூட்டிப்போக அவிழ்ப்பது ஒன்று. தொல்லை தீர்ந்தது என்று அவிழ்த்துவிடுவது மற்றொன்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தபோது, நம்மில் பலர் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கண்ணீரோடு புறப்பட்டோம். கட்டையில் நின்று பட்டினியால் சாகாதிருக்கட்டும் என்றே அவிழ்த்தோம். அது பாவமல்ல, அது இரக்கம். திரும்பி வந்தபோது வெறும் பட்டியைக் கண்டு அழுதவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இன்று எந்தச் செல் வந்து விழுகிறது? பெட்டைக்குட்டி என்று நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுகிறோமே! பால் வற்றிய பசுவைத் தெருவுக்குத் துரத்துகிறோமே! பிறகு கட்டாக்காலி என்று கல்லெறிகிறோம். அந்தப் பெயரை அதற்கு வைத்தது யார்? காட்டு விலங்கு தன் இரையைத் தானே தேடும். நாம் பழக்கியெடுத்த விலங்கோ நம் படலையைப் பார்த்தே நிற்கும். வாயில்லாச் சீவனைக் கைவிட்டுப் பழகிய வீடு, நாளை பாயில் கிடக்கும் கிழவியையும் பாரம் என்றே எண்ணும்.

ஆகையால் பெற்றோரே, இந்தக் கோடையில் கிணற்றடியில் ஒரு தொட்டி வையுங்கள். காலையும் மாலையும் அதை நிரப்பும் வேலையை வீட்டில் இளைய பிள்ளைக்குக் கொடுங்கள். மாடோ, நாயோ, காகமோ, யாருடையது என்று கேளாமல் குடிக்கட்டும். அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில், நான் அவிழ்த்துவிட்ட கயிறு எது என்று ஒரு கணம் உங்களையே கேளுங்கள்.

சிட்டுக்குருவியையும் மறவாத பரமபிதா நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.