ஊர் இல்லாத கோயில்

கோயில் இல்லாத ஊரில் குடிபுகக் கூடாது என்று எமது மூத்தோர் சொல்லித் தந்தார்கள். இதையே மறுபக்கமாகக் கேட்டுப் பார்ப்போம். குடிகள் எல்லாரும் போய், கோயில் மட்டும் நின்றால் அது ஊரா? போனவர்களுக்கு அதில் என்ன உரிமை?

எமது கதையைத் தொடமுன் வேற்றார் கதையொன்றைப் பார்ப்பது நல்லது. சொந்தக் கதையில் கண்ணீர் கணக்கை மறைத்துவிடும். நாம் வாழும் விட்பி, இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கடற்கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரைப் பெற்றது. அதே நாட்டின் தெற்கே, சாலிஸ்பரி சமவெளியில், இம்பர் என்றொரு சிற்றூர் இருந்தது. 1943 நவம்பர் 1ஆம் திகதி ஊரவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, 47 நாட்களில் வெளியேறும்படி சொன்னார்கள். அமெரிக்கப் படையினர் ஐரோப்பாவில் இறங்குமுன் தெருச்சண்டை பழக ஓர் ஊர் தேவைப்பட்டது. ஏறக்குறைய 150 பேர் போனார்கள். ஊர்க் கொல்லர் சில வாரங்களிலேயே இறந்தார். உடலை இம்பருக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். 1945இல் போர் முடிந்தது. ஊர் திரும்பக் கிடைக்கவில்லை.

சட்டப்படி இராணுவம் பிழை செய்யவில்லை. நிலத்தில் பெரும்பகுதியைப் போருக்குப் பல ஆண்டுகள் முன்னரே விலைக்கு வாங்கியிருந்தது. ஊரவர் பெரும்பாலும் வாடகைக் குடிகள். போர் முடிந்ததும் திரும்பலாமென வாக்குத் தரப்பட்டது என்று அவர்கள் சாதித்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. 1961இல் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊருக்குள் திரண்டு போய்க் கேட்டார்கள். விசாரணை நடந்தது; முடிவு இராணுவத்தின் பக்கம். நான் கணக்காளன். பேரேட்டைப் பார்த்தால் மீதி பூச்சியம்தான். ஆனால் எமது ஊரில் கைமாற்றுக்கு யார் எழுதி வாங்கினார்கள்? எழுதாத கடனும் கடன்தானே.

விலைக்குப் போகாமல் நின்றது புனித ஜைல்ஸ் தேவாலயம், 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். சுற்றியிருந்த வீடுகள் பாழாக, அது வேலிக்குள் தப்பியது. செப்டெம்பர் முதலாம் திகதியை ஒட்டி ஆண்டுக்கொரு ஆராதனை நடக்கும். ஆகஸ்ட்டில் ஒரு நாள் பழைய லண்டன் பஸ்களில் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வருவார்கள். இந்த பஸ் விஷயம் எனக்கு உறுத்துகிறது. குடிகளின் கோயில் விருந்தினரின் கோயிலாகிவிட்டது.

இனி எமது பக்கம். 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டு வலிகாமம் வடக்கு வெறுமையானபோது எனக்குப் பத்து வயது. இம்பர் மக்களிடம் உறுதி இல்லை. எம்மவர் காணி உறுதியைப் பையில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அப்படியிருந்தும் 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. வழக்குப் போட்டார்கள். பின்னர் துண்டு துண்டாகச் சில இடங்கள் விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில். 1990இல் குண்டுவீச்சில் சிதைந்த கீரிமலை நகுலேஸ்வரத்துக்கு 2012இல் கும்பாபிஷேகம் நடந்தது.

தேவாலயத்துக்கு ஆண்டுக்கொரு நாள் போதுமாயிருக்கலாம். எமது கோயிலில் நித்திய பூசை தவறக் கூடாது. அதற்குக் குருக்கள் வேண்டும், பூ ஆயவும் மாலை கட்டவும் ஆள் வேண்டும், நல்ல தண்ணீர்க் கிணறு வேண்டும். சுருக்கமாக, அடுப்பெரியும் வீடுகள் வேண்டும்.

ஆகவே ஊர்க்கோயில் இராசகோபுரத்துக்கென்று இங்கே பற்றுச்சீட்டுப் புத்தகம் வரும்போது நான் கேட்பது: அந்தக் கோபுரத்தைச் சுற்றி எத்தனை குடும்பம் திரும்பியிருக்கிறது? அவர்களுடைய கிணறு இறைத்தாயிற்றா, கூரை போட்டாயிற்றா? கோபுரம் நின்றால்தான் காணி எமதென்று காட்டலாம் என்று சிலர் கோபிப்பார்கள். அதிலும் உண்மை உண்டு. தேவாலயம் நின்றபடியால்தான் இம்பர் என்ற பெயர் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் அங்கே மிஞ்சியது பெயர்தான். என் டொலர் முதலில் கிணற்றுக்குப் போகட்டும்.

இங்கே வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் என் போன்றோர் பெரும்பாலும் திரும்பிக் குடியிருக்கப் போவதில்லை. எமது உரிமை அழியவில்லை. ஆனால் அங்கே விளக்கேற்றுபவரின் சொல்லுக்குப் பின்னால்தான் எமது சொல். உபயகாரர் பட்டியலில் எமது பெயர் இருக்கட்டும். இங்கத்தைப் பள்ளி விடுமுறைக்கு வசதியாகக் கொடியேற்ற நாளை மாற்றச் சொல்ல எமக்கு உரிமை இல்லை. அப்படிக் கேட்டவர்களும் எம்மிடையே உண்டு.