பள்ளிக்கூடம் இல்லாத வாத்தியார்

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபிறகும் ஒருவர் ஆசிரியர்தானா? இந்தக் கேள்வியே கொஞ்சம் புதுசு. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு நியமன ஆணை ஏது? நெல்லும் பண்டிகைக் காசும்தான் வரும்படி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்னது கல்லூரியில் அல்ல. அவரிடம் படித்த உ.வே.சா.தான் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குப் போனார். (எல்லாச் சாதிப் பிள்ளையும் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. அதைச் சொல்லாமல் திண்ணையைக் கொண்டாடுவது நியாயமில்லை.)

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும், "வரலாறு படிச்சவங்க கைடு வேலைக்குப் போலாமே" என்றார் நண்பர். போகலாம். ராஜகிரிப் படியில் மூச்சுவாங்க நிற்கிறவருக்கு, 1714இல் ஆற்காடு நவாபோடு மோதி மாண்ட தேசிங்குராஜன் கதையைச் சொல்வதும் பாடம்தான். ஆனால் கேட்டவர் நாளைக்கு வரமாட்டார். இன்றைக்கு யாருக்குப் புரியவில்லை என்று நாளைக்கு ஞாபகம் வைத்திருக்கிறவரே ஆசிரியர் என்பது என் கட்சி.

அப்படிப் பார்த்தால் டியூஷன் எடுப்பவர் முழு ஆசிரியர். செஞ்சியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பி.எட்., வீட்டில் கணக்கு நடத்துகிறார். ஒன்பதாவது பையனுக்குப் பின்னமே பிடிபடவில்லை என்று அங்கிருந்து ஆரம்பித்தார். "அஞ்சாவது பாடத்துக்கா ஃபீஸ் கட்றேன்?" என்று அப்பா பையனை நிறுத்திவிட்டார். மாதச் சம்பளம் வாங்குகிற ஆசிரியருக்கு மெதுவாகப் போகும் சுதந்திரம் கொஞ்சமாவது உண்டு. இங்கே உண்மையைச் சொன்னால் வருமானம் போகும்.

இரண்டுக்கும் நடுவில் அரசு ஒரு வழி திறந்தது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்ட மாலை வகுப்பு. பெற்றோர் காசு தரவேண்டாம், பின்னத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். நடத்தியவர்களுக்குப் பெயர் தன்னார்வலர், ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். வாரம் ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு நாற்பது ரூபாய் சொச்சம்.

எங்கள் துறையிலும் காசு வாங்காமல் மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களுக்கு வேறொரு சம்பளம் இருக்கும். வேலைக்குக் காத்திருக்கும் பி.எட். பட்டதாரிக்கு அது இல்லை. அவருடைய மாலை நேரத்தைத் தொண்டு என்று அவர் சொல்லலாம், வாங்கிக்கொள்கிறவர் சொல்லக்கூடாது. கூலி என்றே சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொன்னால், "இது போதுமா?" என்று கேட்பார்கள். அதற்காகத்தான் ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தார்களோ என்னவோ.