பிள்ளை பெற்றவளின் கண்ணீர் ஈமான் குறைவல்ல



பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சென்றது. இதற்கு முன்பே இறந்துபோயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். சூரா மர்யமில் அல்லாஹ் இதைச் சொல்லிக்காட்டுகிறான். அவர்களை அவன் கண்டிக்கவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் உதிரும் கனிந்த பழம்.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "அல்லாஹ் பிள்ளையைக் கொடுத்திருக்கிறான், இன்னும் என்ன அழுகை? ஈமான் இல்லையா?" என்கிறோம்.

சகோதரர்களே, அவள் உடலில் நடப்பதைக் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோன் படிப்படியாகக் கூடி, கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்காகிறது. அதைத் தூண்டுவதில் நஞ்சுக்கொடிக்கும் பங்குண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் சில நாட்களிலேயே சடாரெனக் குறைகின்றன. தூக்கமும் கெடுகிறது. முதல் வாரத்தில் பல தாய்மார்கள் காரணம் தெரியாமல் அழுகிறார்கள்.

பெரும்பாலும் இது 2 வாரத்தில் தணிந்துவிடும். தணியாவிட்டால் அது நோய், சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ சொன்னால், தனியே விடாதீர்கள். அன்றே கொண்டு செல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போய் உபதேசம் செய்ய வேண்டாம். குழந்தையை வாங்கிக்கொண்டு, மனைவியைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்கள்.

நம் தாய்மார்களின் உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியைத் தருவானாக! ஆமீன்.