காணாததைக் கண்டதாக

முனைவர் பட்டத்திற்கு உழைத்துவரும் கோவை மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டின் ஓர் இயலைப் படித்துப் பார்க்குமாறு என்னிடம் தந்தார். அடிக்குறிப்பில் ‘புறநானூறு, உ. வே. சாமிநாதையர் பதிப்பு, 1894’ என்றிருந்தது. “இந்தப் பதிப்பு எங்கேம்மா கிடைத்தது?” என்றேன்.

“பார்க்கலீங்க ஐயா. மதுரைத் திட்டத்து மின்னூலைத்தான் படிச்சேனுங்க. இணையத்தைக் காட்டினா மதிப்பிருக்காதுன்னாங்க.”

அவர் எவர் கருத்தையும் களவாடவில்லை. அப்படியாயின் தவறு எங்கே? அடிக்குறிப்பு என்பது மதிப்புக்காக அணியும் அணிகலன் அன்று. ‘இதை நான் இவ்விடத்தில் கண்டேன்’ என்னும் சாட்சியம். காணாததைக் கண்டதாக எழுதுவது, எத்துணைச் சிறிதாயினும், பொய்ச்சான்றே. (நூலகப் படியேறாமலே பிறர் அடிக்குறிப்பை எனதாக்கிக்கொண்ட காலம் எனக்கும் உண்டு, அன்று இணையம் இல்லை, அவ்வளவே.)

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்கின்றன. 60ஐக் கடந்தால் பதிவையே நீக்கச் சொல்கின்றன. ஆனால் ஒப்புமையை அளக்கும் மென்பொருளுக்கு இப்பொய் அகப்படாது. இங்கே காவல் மனச்சான்று ஒன்றே.

இப்பொய்யால் இழப்புறுவோரும் உளர். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் கருதாத தன்னார்வலர்களால் வளர்ந்தது. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை அதன் மின்னூல்கள் முகப்பிலேயே தாங்கி வருகின்றன. ‘1894’ என்று எழுதியவுடன் அவ்வுழைப்பு மறைந்துபோகிறது. தட்டச்சில் ஓர் எழுத்துப் பிறழ்ந்திருந்தாலோ, பழி ஐயர்மீது விழுகிறது. அவரோ தமக்குக் கிடைத்த ஏட்டுச்சுவடிகள் எவரெவரிடமிருந்து வந்தன என்பதை முகவுரைகளில் நன்றியோடு பதிந்தவர்.

அச்சுநூல் நிலைத்து நிற்கும். இணையப் பக்கம் அவ்வாறன்று. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எண்ணற்ற பக்கங்கள் தம் முகவரியில் இல்லாமற்போயின. ஆதலால் நூலின் பெயர், மின்னூல் எண், தளத்தின் முகவரி ஆகியவற்றோடு பார்த்த நாளையும் குறித்தல் வேண்டும். மின்னூல் எந்த அச்சுப் பதிப்பைத் தழுவியது என்று கூறியிருந்தால் அதையும் சேர்க்கலாம். அதையே நேரில் கண்டதாகக் காட்டலாகாது.

இவற்றையெல்லாம் கேட்டபின் மாணவி, “தேர்வாளர் குறைவா நினைச்சா என்னங்க ஐயா பண்றது?” என்றார்.

“நினைத்தாலும் நினைக்கலாம் அம்மா” என்றேன். அதற்குமேல் உறுதி கூற என்னிடம் ஒன்றுமில்லை. மறுவாரம் திருத்திய இயல் வந்தது. ஒவ்வொரு மின்னூலுக்கும் எதிரே, பார்த்த நாள் எழுதப்பட்டிருந்தது.