மணமாலையும் கையின் மதிப்பும்

மணவறையில் அமர்ந்திருக்கும் மணமகனின் கோலத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு கருத்தை உணர்த்தி நிற்கின்றது. தலைப்பாகை அவன் ஏற்கும் பொறுப்பையும், மாலை இருவரின் இசைவையும், மணிக்கட்டிற் கட்டப்படும் மஞ்சட் காப்பு அவன் பூணும் விரதத்தையும் குறிப்பன என்பர். இவற்றுள் எது அழகியது, எது விலையுயர்ந்தது என வினவுவதே உலக வழக்கு. எது அறத்தொடு பொருந்தியது என்ற வினா அரிதாகவே எழுகின்றது. இயற்கைக்கு ஊறு செய்யாத, கையால் ஆக்கப்பட்ட மண அணிகளே சிறந்தவை என்ற கருத்து இன்று பரவி வருகின்றது. அது எவ்வளவு உண்மை, எவ்விடத்துக் குறைவுடையது என்பதைப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களை மனத்திற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் திருமணத்தில் கையால் ஆக்கிய எளிய அணிக்கு நீண்ட மரபுண்டு. அகநானூற்றின் 136ஆம் பாடல் காட்டும் திருமணத்தில் வாகையிலையும் அறுகும் நூலும் மணமகளுக்கு அணியாகின்றன. இவை விலை கொடுத்துப் பெறும் பொருள்கள் அல்ல. சுற்றியிருந்த நிலமும் சுற்றத்தார் கைகளும் தந்தவை. மாலையின் சிறப்பைப் பிற்காலச் சட்டமொன்றும் உணர்த்துகின்றது. 1967ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய இந்துத் திருமணத் திருத்தச் சட்டம், உறவினர் முன்னிலையில் ஒருவர்க்கொருவர் மாலை சூட்டுவதையும் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் முறைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆகவே மாலை வெறும் அலங்காரமன்று. வாயாற் கூறும் உறுதிமொழிக்கு ஒப்பானது.

அத்தகைய மாலை பிளாஸ்டிக்கில் வந்தமைக்கும் காரணங்கள் உள. அது வாடாது, முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், புகைப்படத்திற் பொலிவாகத் தோன்றும். ஆயினும் வாடாத அம்மாலையின் பயன் ஒரு நாளிலேயே முடிந்துவிடுகின்றது. ஓடையில் வீசப்பட்டால் அது கெசல்கமு ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்லும். அந்நீரோ கீழே களனி கங்கையாகிக் கொழும்பு மக்களுக்குக் குடிநீராகின்றது. மலையில் ஒருவர் எறிவது சமவெளியில் முகமறியாத ஒருவரின் பாத்திரத்தைச் சேரக்கூடும். 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் பொருள்களுள் பிளாஸ்டிக் பூமாலையும் சேர்க்கப்பட்டது பொருத்தமே.

ஈண்டு ஒரு மறுப்பு எழுகின்றது. எளிமையை எவர் எவருக்குப் போதிப்பது? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருவாயில் வாழும் குடும்பம் தன் மகனை ஒரு நாளேனும் அரசன் போற் காண விரும்பின், அதனைப் பகட்டென்று இகழ்தல் தகுமா? ஒரு காலத்தில் லயத்துத் திருமணங்களில் உறவினரே பூத்தொடுத்தனர். துணியை மடித்துத் தலைப்பாகை கட்டினர். அதனை அவர்களின் அழகுணர்ச்சி என்று மட்டும் போற்றுவது உண்மையை மறைப்பதாகும். கையில் பணமின்மையும் அதற்குக் காரணமாயிற்று. வறுமை கற்பித்த அதே எளிமை இன்று நகரத்துக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. வேண்டியதைத் தெரிவுசெய்யும் வசதி உடையவனுக்கே எளிமை ஓர் அறமாகும்; வேறு வழியற்றவனுக்கு அது நிலைமை மட்டுமே. இம்மறுப்பை நாம் புறக்கணித்தலாகாது.

கையால் ஆக்கியது என்ற சொல்லும் தன்னளவில் நன்மைக்குச் சான்றாகாது என்பதை மலையகம் நன்கறியும். இலங்கைத் தேயிலை கையாற் கொய்யப்படுவது என்பது உலகச் சந்தையில் அதன் பெருமையாகப் பேசப்படுகின்றது. ஆனால் அப்பெருமை கொய்த கைக்கு உரிய கூலியாகத் திரும்பியதா என்பதே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மக்கள் கேட்டுவரும் வினா. மணமாலைக்கும் அது பொருந்தும். விடியுமுன் எழுந்து பூத்தொடுப்பவளுக்கும், மருதமுனைக் கைத்தறியில் துணி நெய்பவனுக்கும் நாம் தருவது யாது? அவர்களின் கூலியைக் குறைத்து வாங்கிய மாலை மண்ணுக்குத் தீங்கற்றதாயினும் மனிதனுக்குத் தீங்கற்றதன்று.

இச்சிக்கலைக் காந்தியடிகள் முன்னரே எதிர்கொண்டார். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்த அவர் மலையகத்துக்கும் வந்தார். கையால் நூற்ற ஆடையை உடுத்துமாறு கூறியதோடு அவர் அமையவில்லை. நூற்போருக்கு வாழ்வதற்குப் போதிய கூலி வழங்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அகில பாரத சர்க்கா சங்கம் 1935இல் அக்கொள்கையை ஏற்றது. அதனாற் கதரின் விலை உயரும், விற்பனை குறையும் என்ற அச்சம் எழுந்தபோதும் அவர் தம் கருத்தினின்று மாறவில்லை. பொருளின் தூய்மை அதனை ஆக்கியவரின் வாழ்விலிருந்து பிரிக்கமுடியாதது என்பது அவர் கொண்ட நெறி.

ஆகவே மண அணியின் அறத்தை அளக்க இரு வினாக்கள் வேண்டும். இப்பொருள் நாளை எங்கே போகும் என்பது ஒன்று; இது யார் கையிலிருந்து, என்ன கூலிக்கு வந்தது என்பது மற்றொன்று. முதல் வினாவை மட்டும் கேட்போர் ஆற்றைக் காத்து, ஆற்றங்கரையில் உழைப்பவரை மறந்துவிடுவர். வசதியுடையோர் இவ்விரண்டையும் தமக்கே முதலிற் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களின் மணப்பந்தரில் எளிமை மதிப்புப் பெறுமாயின், லயத்து மணமகனும் வாடும் பூமாலையைக் குறைவென்று கருதி நாணவேண்டியதில்லை.

மணமகனின் அணிகளுள் மஞ்சட் காப்பு மட்டும் எல்லார்க்கும் ஒன்றே. செல்வனுக்கும் தொழிலாளிக்கும் அது நூலும் மஞ்சளுமே. மணிக்கட்டில் ஒருவர் தம் கையால் அதனைக் கட்டவேண்டும். சடங்கு முடிந்ததும் அவிழ்க்கப்பட்டு மண்ணோடு மண்ணாகும். அதனை விலையால் உயர்த்தவோ தாழ்த்தவோ எவரும் முயன்றதில்லை. ஏனைய அணிகளையும் அந்நிலைக்குக் கொண்டுவருதல் அரிதாயினும் இயலாததன்று.