தொட்டியில் வாழும் ஓரறிவுயிர்

திருவண்ணாமலையின் சிறிய வீடுகளில் வாழும் நம்மில் பலர் அறைக்குள் தொட்டிச்செடி வளர்க்கின்றோம். அழகிற்காக ஓருயிரை அடைத்து வைத்தல் அறமாகுமா?

நிலத்தில் நிற்கும் மரம் நீரையும் ஒளியையும் தானே நாடிப் பெறும். தொட்டிச்செடியோ நம்மையே சார்ந்தது. அகிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இல்லறத்தாரின் விரதம் ஈரறிவு முதலான உயிர்களையே குறிப்பினும், ஓரறிவுயிர்க்கும் வீணே துன்பம் இழைத்தலாகாது என்பது நம் மரபு. ஒளியின்றி இலை உணவு ஆக்க இயலாது. ஆதலின் இருண்ட மூலையில் செடியை நிறுத்துவதும் உணவு மறுத்தலே அன்றோ?

எனவே இடமின்மையைக் குறையாகக் கருத வேண்டா. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் உடைமைக்கு அளவு வகுக்கச் சொல்கிறது. சன்னலொளி எத்தனை செடிகளுக்குப் போதுமோ, அத்தனையே நம் அளவு. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே அடியில் துளையுள்ள தொட்டியையே கொள்வோம். மேல்மண் உலர்ந்தபின் நீர் வார்ப்போம். திருமலைக்கோ பொன்னூர் மலைக்கோ யாத்திரை சென்று சில நாள் தங்க நேரின், அப்பொறுப்பை அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்போம். காக்க இயலும் அளவே வளர்த்து, வளர்ப்பதைக் காப்போமாக.